வீட்டுப் பூனையின் தீராத வயிற்றுப்போக்கு: காரணங்களும் கவனிப்பு முறைகளும்

விருத்தாசலம் வட்டாரத்தில் நிலக்கடலை அறுவடை முடிந்து காய்கள் வீடு வந்து சேர்ந்ததும், அவற்றின் பின்னாலேயே எலியும் வந்து சேர்கிறது. கடலை மூட்டை, விதைநெல், மாட்டுத் தீவனம் ஆகிய மூன்றையும் எலியிடமிருந்து காக்கச் சிறு விவசாயிகள் பலர் நம்பியிருப்பது வீட்டுப் பூனையைத்தான். தனியாகத் தீனிச் செலவு வைக்காமல் இரவெல்லாம் காவல் காக்கும் பிராணி அது ஒன்றே.

ஆனால் அந்தப் பூனைக்கே வயிறு கெட்டுவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. வெளியே சென்று மண்ணைப் பறித்து மலம் கழித்து மூடிவிட்டு வரும் பூனை, அடுப்பங்கரை மூலையிலும், சாக்கின் மேலும், கடலைக் குவியலிலும் அசுத்தம் செய்யத் தொடங்குகிறது. நாற்றம் ஏறிய மூட்டைக்குச் சந்தையில் விலை குறையும். இந்நிலையில் பல வீடுகளில் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு எலித் தொல்லை பெருகுகிறது. வேறொரு குட்டி வருகிறது. சில மாதங்களில் அதுவும் அதே தொல்லையைத் தருகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் பூனையின் கெட்ட குணமல்ல. அது ஒரு நோயின் அறிகுறி. நோயைக் கண்டறிந்து, தீனியையும் மலம் கழிக்கும் இடத்தையும் சீர் செய்தால் பெரும்பாலான பூனைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். மேலும், வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

எது நாள்பட்ட நோய்?

இரண்டொரு நாள் இளகலாகப் போய்த் தானே நின்றுவிடுவது சாதாரணக் கோளாறு. மூன்று வாரங்களுக்கு மேல் தொடர்ந்தோ, விட்டு விட்டோ இளகலாகப் போனால் அதை நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்று கொள்ள வேண்டும்.

மலத்தைக் கவனித்தாலே கோளாறு குடலின் எந்தப் பகுதியில் உள்ளது என்பதை ஓரளவு அறியலாம். சிறுகுடல் கெட்டிருந்தால் ஒரு தடவைக்கு நிறையப் போகும். ஆனால் தடவைகள் அதிகமிராது. பூனை தின்றாலும் மெலிந்துகொண்டே வரும். பெருங்குடல் கெட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகும். சளியும் சில வேளை சிவந்த இரத்தமும் கலந்திருக்கும். மலம் வரும் உணர்வு திடீரென்று ஏற்படுவதால், வெளியே ஓடிச் செல்லும் வரை பூனையால் அடக்க இயலாது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் பூனைகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை அடிப்பதாலும், மூக்கை மலத்தில் தேய்ப்பதாலும் பயனில்லை. பயந்த பூனை மேலும் மறைவான இடத்தைத் தேடிப் போகும்.

ஓர் எச்சரிக்கை: கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் ஒன்றும் வெளிவராமல் கத்தினால் அதை மலச்சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம். இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முதல் காரணம்: தீனி

பூனைக்குப் பால் நல்லது என்பது நெடுநாளைய நம்பிக்கை. தாயிடம் பால் குடிக்கும் பருவத்தில் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் நிறைய இருக்கும். பால் மறந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. செரிக்காத பால் சர்க்கரை குடலில் நீரை இழுத்துக்கொள்வதால் மலம் இளகிப் போகிறது. தெனாலிராமன் வளர்த்த பூனை சூடுபட்டுப் பாலைக் கண்டாலே ஓடியதாகக் கதை உண்டு. வயிறு கெட்ட பூனையைப் பொறுத்தவரை சூடு போடாமலேயே பாலை விலக்கிவிடுவது நலம். பல பூனைகளுக்கு இந்த ஒன்றைச் செய்தாலே ஒரு வாரத்தில் குணம் தெரியும்.

பூனை மாமிசம் உண்ணும் பிராணி. பால்சோறும் மோர்சோறும் மட்டும் தின்று அது நலமாக வாழ முடியாது. மாமிசத்திலுள்ள டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தயாரித்துக்கொள்வதில்லை. இச்சத்துக் குறைந்தால் பூனையின் கண் கெடும் என்று 1975இலும், இதயம் பலவீனமடையும் என்று 1987இலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இச்சத்து எலியிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நோயால் வேட்டை நின்றுபோன பூனைக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

காரக்குழம்பு கலந்த சோறு, உப்பு மிகுந்த கருவாடு, கெட்டுப்போன மீன் கழிவு ஆகியவை குடலைப் புண்ணாக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கக் கூடியவை. பச்சை மீனில் சில வகைகள் தயாமின் என்னும் உயிர்ச்சத்தை அழிப்பதால் மீனை வேகவைத்தே தர வேண்டும்.

இரண்டாவது காரணம்: குடற்புழுக்கள்

எலி தின்னும் பூனைக்குப் புழு இருப்பது சாதாரணம். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது. எலியைத் தின்பதால் ஒரு வகை நாடாப்புழுவும், தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் மற்றொரு வகையும் வருகின்றன. வால் அடியில் அரிசி மணி அல்லது வெள்ளரி விதை போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் ஈறு வெளுத்து, மலம் தார் போல் கறுத்துப் போகும்.

இவை தவிர, கண்ணுக்குத் தெரியாத ஜியார்டியா, காக்ஸிடியா போன்ற ஒற்றை அணு உயிரிகளும் நீடித்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆய்வுக்கூடத்தில் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இவற்றை அறிய முடியும். இவை எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று முறை மலத்தைப் பரிசோதிப்பது நல்லது.

மூன்றாவது காரணம்: பிற நோய்கள்

புழுவும் இல்லை, தீனியும் சரி, ஆனாலும் நிற்கவில்லை என்றால் குடல் அழற்சி இருக்கலாம். பத்து வயது தாண்டிய பூனை நிறையத் தின்றும் மெலிந்தால் தைராய்டு சுரப்பிக் கோளாறு, நீரிழிவு, குடல் கட்டி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். இவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பூனையை எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பையில் வைத்துத் தராசில் தொங்கவிட்டால் போதும். மூன்றரைக் கிலோ பூனை 350 கிராம் குறைந்தாலே அது பத்தில் ஒரு பங்கு இழப்பாகும், அலட்சியம் கூடாது. தின்றது என்ன, எத்தனை தடவை போனது, எங்கே போனது என்பதைத் தினமும் ஒரு தாளில் எழுதி வந்தால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

அடுத்து, பாலையும் குழம்புச் சோற்றையும் அறவே நிறுத்த வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகாய், வெங்காயம் சேர்க்காமல் கோழிக்கறியை வேகவைத்து, எலும்பு நீக்கி, கையளவு கறிக்கு இரண்டு விரல் அளவு குழைந்த சோறு சேர்த்துத் தரலாம். டாரின் நீரில் கரையக் கூடியதாகையால் வேகவைத்த நீரையும் கொட்டாமல் கலந்து கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காமல் நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நலம். கோழிக்கறிக்குப் பதில் வேகவைத்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ தரலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் மாற்றக் கூடாது. ஒரே தீனியை இரண்டு வாரம் தொடர்ந்தால்தான் குணம் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்ய முடியும். குணமான பின் பழைய தீனிக்கு ஒரு வார காலத்தில் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். கறியும் சோறும் மட்டுமே நிரந்தரத் தீனியாக இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. குடிக்கச் சுத்தமான நீர் எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, புதிய மலத்தைச் சுத்தமான சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். புழு மருந்தைப் பூனையின் எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். உருண்டைப் புழுவுக்குரிய மருந்து நாடாப்புழுவைக் கொல்லாது என்பதால் எந்தப் புழு என்று அறிந்து கொடுப்பது அவசியம். குட்டிகளுக்கு மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்திற்கொரு முறையும், எலி பிடிக்கும் பெரிய பூனைக்கு மூன்று மாதத்திற்கொரு முறையும் மருத்துவர் சொற்படி மருந்து கொடுத்து வரலாம். மருந்து புகட்டும்போது கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடிக்குரிய தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். பூனைக்கடியாலும் அந்நோய் வரும்.

செய்யக் கூடாதவை

மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலைத் துளியும் கொடுக்கக் கூடாது. அதன் நஞ்சை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் பூனை இறந்துவிடும். பினாயில் வகைகளும் இதே காரணத்தால் ஆகாதவை. பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பூனை தன் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகிறது. வயிற்றுப்போக்கு மேலும் கூடுவதற்கு இதுவும் காரணமாகலாம். தெள்ளுப்பூச்சிக்காக மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் ஆபத்து.

பீங்கான் ஊரில் வெள்ளைக் களிமண்ணுக்குக் குறைவில்லை. சுத்தம் செய்த வெள்ளைக் களிமண் ஒரு காலத்தில் வயிற்றுப்போக்கு மருந்துகளில் சேர்க்கப்பட்டதும் உண்மையே. ஆனால் அது மலத்தைக் கெட்டியாகக் காட்டுமேயன்றி நோயைத் தீர்க்காது. பட்டறைக் களிமண்ணில் குவார்ட்ஸ் தூளும் மெருகுப் பூச்சு மருந்துகளும் கலந்திருக்கும். அதைப் பூனைக்குக் கரைத்துப் புகட்டுவது தவறு.

மணல் தொட்டி அமைத்தல்

ஓடி வெளியே செல்ல முடியாத பூனைக்கு வீட்டுக்குள்ளேயே ஓரிடம் அமைத்துத் தருவதுதான் அசுத்தம் நீங்க எளிய வழி. இம்முறையிலும் களிமண்ணுக்குப் பங்கு உண்டு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் குருணையைப் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். மணலைவிட, சாம்பலைவிட அது நன்றாக ஈரத்தை உறிஞ்சியது. பூனைத் தொட்டிக் களிமண் வியாபாரம் அதிலிருந்து தொடங்கியது. இன்று கடைகளில் விற்கும் கட்டிபிடிக்கும் வகை பெண்டோனைட் களிமண்ணாகும். நம் நாட்டில் இது குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கப்படுகிறது. பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண் அவ்வாறு கட்டிபிடிக்காது, நனைந்தால் சேறாகிவிடும்.

சிறு விவசாயிக்குச் சலித்த மெல்லிய மணலே போதும். பூனைகள் மென்மையான துகளையே விரும்பும். பூஞ்சணம் இல்லாத காய்ந்த கடலைத் தோலை இடித்து மணலோடு கலந்தால் ஈரம் உறிஞ்சும். அடுப்புச் சாம்பலைத் தனியாகப் போடக் கூடாது. அதன் காரத்தன்மை பாதத்தைப் புண்ணாக்கும்.

தொட்டி இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இருந்தால் பூனை திரும்ப வசதியாக இருக்கும். மெருகு பூசாத மண்தொட்டி சிறுநீரை உறிஞ்சி நாற்றத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் பூனையே அதை வெறுக்கும். மெருகு பூசிய பீங்கான் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ ஈரத்தை உறிஞ்சுவதில்லை. கழுவினால் நாற்றம் போய்விடும். மணல் மூன்று நான்கு விரல் உயரம் இருக்க வேண்டும். வயதான பூனைக்கு ஒரு பக்கச் சுவர் தாழ்வாக இருத்தல் நலம்.

தொட்டியைத் தீனி வைக்கும் இடத்திலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைக்க வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி என்பது கணக்கு. முதல் வாரம் பூனையை ஒரே அறையில் தொட்டியோடு வைத்து, அதன் மலத்தில் சிறிதளவைத் தொட்டியில் போட்டு வைத்தால் இடத்தைப் புரிந்துகொள்ளும். மலத்தைக் காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும். வாரம் ஒரு முறை மணல் முழுவதையும் மாற்றி, தொட்டியைக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

முன்பு அசுத்தம் செய்த இடத்தைச் சோப்பு நீரால் நன்கு கழுவி நாற்றம் போகச் செய்து, அங்கே தீனித் தட்டை வைக்கலாம். தான் தின்னும் இடத்தில் பூனை பொதுவாக மலம் கழிப்பதில்லை.

ஆடுகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து

அசுத்தத்தால் நேரும் நஷ்டம் நாற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. பூனை மலத்தின் வழியாக டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி பரவுகிறது. 1908இல் கண்டறியப்பட்ட இந்த உயிரி பூனையின் குடலில் மட்டுமே முட்டை போன்ற உறைகளை உண்டாக்குகிறது. முதன்முறையாகத் தொற்று ஏற்படும் பூனை, பெரும்பாலும் எலி பிடிக்கத் தொடங்கும் இளம் பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை இவற்றை லட்சக்கணக்கில் வெளியேற்றும். பூனைக்கு எந்த அறிகுறியும் தெரியாமலிருக்கலாம். ஆகவே வயிறு நன்றாக உள்ள பூனையின் மலத்தையும் கடலைக்கொடிப் போரிலோ தவிட்டுத் தொட்டியிலோ விழ விடக் கூடாது.

அந்தத் தீவனத்தைத் தின்னும் சினை ஆடு குட்டி வீசிவிடக் கூடும். அல்லது குட்டி செத்தோ, நலிந்தோ பிறக்கும். நான்கைந்து ஆடுகளை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு இது பெரிய இழப்பு. குட்டி வீசுவதற்குப் புரூசெல்லா போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகவே வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், மருத்துவருக்குத் தெரிவித்த பின் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களுக்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரும். அவர்கள் மணல் தொட்டியைச் சுத்தம் செய்யக் கூடாது. இந்த உறைகள் வெளியேறி ஒரு நாள் கழிந்த பிறகே தொற்றும் தன்மை பெறத் தொடங்குகின்றன. ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மருந்துக் கரைசல்களில் பல இவற்றைக் கொல்வதில்லை, கொதிநீர் கொல்லும். அள்ளிய மலத்தைக் காய்கறிப் பாத்தியிலோ எருக்குழியிலோ போடாமல், கிணற்றிலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இதற்காகப் பூனையை விரட்டுவதால் பயனில்லை. ஒரு முறை தொற்றி மீண்ட பூனை மறுபடியும் உறைகளை வெளியேற்றுவது அரிது. அதை விரட்டினால் அந்த இடத்திற்கு வரும் இளங்குட்டிதான் புதிதாகத் தொற்றைப் பரப்பும். பழகிய பூனையையே வைத்துக்கொண்டு, அதற்குக் கருத்தடை அறுவை செய்து குட்டிகள் பெருகாமல் தடுப்பதே ஆடு வளர்ப்போருக்கு உகந்தது. தீவனப் போரைத் தார்ப்பாயால் மூடுவதும், கடலை மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் அடுக்குவதும் அவசியம். எலிக்கு நஞ்சு வைக்கும் நாட்களில் பூனையை அறையில் அடைத்து வைத்து, செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் பூனையும் மடியும்.

முழுதும் குணமாகாத பூனை

சில பூனைகளுக்குக் குடல் அழற்சி வாழ்நாள் முழுவதும் இருக்கும். மருத்துவர் தரும் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து, ஒரே தீனியைக் கடைப்பிடித்தால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. இத்தகைய பூனையைக் கடலை அறைக்குள் விடாமல் தாழ்வாரத்தில் இரண்டு மணல் தொட்டிகளோடு வைத்துப் பராமரிக்கலாம். தாழ்வாரத்தில் நடமாடும் பூனையின் வாடையே ஓரளவு எலியைத் தயங்க வைக்கும்.

இரத்தமாகப் போதல், தொடர்ந்த வாந்தி, ஒரு நாளுக்கு மேல் தீனி எடுக்காதிருத்தல், தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகாமல் மடிந்தே நிற்றல், குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு ஆகிய நிலைகளில் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பாலை நிறுத்துவதற்கும், மணலைச் சலித்துத் தொட்டியில் இடுவதற்கும் செலவு ஏதுமில்லை. புழு மருந்துக்கு ஆகும் செலவும் எலி கடித்த ஒரு கடலை மூட்டையின் நஷ்டத்தை விடக் குறைவானதே. ஆற்றுக்கு அப்பால் விடுவதற்குச் சாக்கைத் தேடும் முன், மலத்தைப் புட்டியில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் வரை ஒரு நடை சென்று வந்தால், ஒரு பூனையும் ஒரு பருவத்து விளைச்சலும் மிஞ்சும்.